மாநாட்டுக் கட்டணமும் மாணவன் கடனும்

கற்றோர் ஓரிடத்திற் கூடித் தாம் கண்டவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பதும், எடுத்துரைத்தவற்றை ஐயுற்று வினாவுவதும் பழைமையான வழக்கமாகும். முன்னர் இவ்வழக்கம் புலமையிற் பழுத்தோர்க்கே உரியதாயிருந்தது. இன்றோ பட்டப்படிப்பு மாணவரையும் அது தன்னுள் ஈர்த்துக்கொண்டுள்ளது. பல்கலைக்கழக அறிவித்தற் பலகையை நாள்தோறும் நோக்குவோர் இதனை நன்கு அறிவர். ஆய்வு மாநாடு, ஆய்வரங்கு, சர்வதேசக் கருத்தரங்கு எனப் பல பெயர்களில் அழைப்புக்கள் வருகின்றன. ஒவ்வோர் அழைப்பின் அடியிலும் ஆய்வுச்சுருக்கம் அனுப்பவேண்டிய இறுதித் திகதியும் மாணவர்க்குரிய கட்டணமும் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படிக்கும் மாணவன் மனத்தில் ஒரு வினா எழுகின்றது. இதற்குச் செல்வது இதற்காகும் செலவுக்குத் தகுமா?

மேலோட்டமாக நோக்கின் இது வெறும் கணக்கு வினாவாகவே தோன்றும். ஒருபுறம் செலவை எழுதி, மறுபுறம் வரவை எழுதிக் கழித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும் எனலாம். ஆயின் கணக்கு நேர்மையாக அமைய வேண்டுமாயின் செலவு செய்பவரும் பயன் பெறுபவரும் ஒருவராக இருத்தல் வேண்டும். மாணவன் நிலையில் பெரும்பாலும் அவ்வாறு அமைவதில்லை. பயன் அவனுக்கு, செலவு அவன் குடும்பத்துக்கு. ஆதலின் இவ்வினா கணக்கியலைக் கடந்து அறவியலுக்குள் புகுகின்றது. அந்த நிலையில் வைத்தே இவ்வினாவை நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செலவு என்பது யாது?

பொருளியல் மாணவர் "அமையச் செலவு" என்னும் கருத்தை உயர்தர வகுப்பிலேயே கற்கின்றனர். ஒன்றைப் பெறுவதற்காக நாம் கைவிடும் மற்றொன்றே அதன் உண்மையான செலவு என்பது அதன் சாரம். இக்கருத்தின்படி மாநாட்டின் செலவு பற்றுச்சீட்டில் உள்ள தொகையன்று. அத்தொகை வேறு எதற்கு உதவியிருக்கும் என்பதே அதன் செலவு. ஆகவே ஒரே கட்டணம் இருவர்க்கு ஒரே செலவாக அமைவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு மாலைப் பொழுதின் கேளிக்கையை இழப்பதாக அமையலாம். மற்றொருவனுக்கு அது ஒரு மாத உணவாகவோ, தங்கையின் பாடசாலைச் சப்பாத்தாகவோ அமையலாம்.

கட்டணத்தோடு செலவு முடிவதுமில்லை. எமது ஊராகிய தோப்பூரை எடுத்துக்கொள்வோம். திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மூதூர்ப் பகுதியில் அமைந்த விவசாயக் கிராமம் அது. 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலமும், அதனைத் தொடர்ந்து அவ்வீதியின் ஏனைய பாலங்களும் திறக்கப்படும் வரை, மாவட்டத் தலைநகரை அடைவதற்கே மூதூர் இறங்குதுறையில் படகேற வேண்டும்; அன்றேல் கந்தளாய் வழியாகச் சுற்றிச் செல்ல வேண்டும். இன்று அந்த இடர் நீங்கிவிட்டது. எனினும் கொழும்பிலே காலை எட்டரை மணிக்குத் தொடங்கும் மாநாட்டுக்கு எமது ஊரவன் ஒருவன் முதல் நாளிரவே பஸ் ஏற வேண்டும். இரவு முழுவதும் உறங்காது சென்று உரையாற்ற வேண்டும். அல்லது ஒரு நாள் முன்னதாகச் சென்று தங்குமிடத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். மாணவியாயின் துணைக்கு ஒருவர் செல்வார், செலவு இரட்டிக்கும். மாநாடு நடைபெறும் நகரிலேயே வாழ்பவன் இவற்றில் எதனையும் அறியமாட்டான். "மாணவர்க்குக் கட்டணச் சலுகை" என்னும் வாசகம் எல்லோர்க்கும் பொதுவானது போலத் தோன்றினும், தூரம் எவருக்கும் சலுகை வழங்குவதில்லை.

வெளிநாட்டு மாநாடுகளின் நிலை இன்னும் கடியது. அவற்றின் கட்டணம் டொலரில் விதிக்கப்படுகின்றது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, அவ்வாண்டு மே மாதமளவில் 360 ரூபா வரை உயர்ந்தது. கட்டணத்தை ஒரு சதமேனும் உயர்த்தாத மாநாடுகூட, இலங்கை மாணவனுக்கு மூன்று மாதங்களில் ஏறத்தாழ இரட்டிப்பு விலையாயிற்று. மகாபொல உதவிப் பணமோ 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் 7500 ரூபாவாக உயர்த்தப்படும் வரை மாதமொன்றுக்கு 5000 ரூபா அளவிலேயே நின்றது. உணவு, விடுதி, நிழற்படப் பிரதி ஆகியவற்றுக்கே போதாத அப்பணத்தில் மாநாட்டுக்கு இடமில்லை என்பது சொல்லாமலே விளங்கும்.

கூடுவதால் விளையும் பயன்

செலவு இத்தகையதாயின் மாநாடுகளே மாணவர்க்கு வேண்டாம் என்று கூறிவிடலாமா? அது அவசர முடிவாகும். திருக்குறளின் அதிகார வைப்பு இங்கு நோக்கற்பாலது. கல்வி என்னும் அதிகாரத்தை அடுத்துக் கல்லாமையும், அதனையடுத்துக் கேள்வியும் வைக்கப்பட்டுள்ளன. நூலைக் கற்பது வேறு, அறிந்தோர் சொல்லக் கேட்பது வேறு என்னும் தெளிவு இவ்வைப்பிற் புலனாகின்றது. கேள்வி கல்வியின் ஒரு கூறாக அடக்கப்படாமல் தனிச் செல்வமாகவே போற்றப்படுகின்றது. நூல் நாம் கேட்கும் வினாவுக்கே விடை கூறும். மனிதனோ நாம் கேட்க மறந்த வினாவையும் கேட்பான். கூடுவதன் முதன்மையான பயன் இதுவே.

உலக வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1927ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் பிரசெல்ஸ் நகரில் ஐந்தாவது சோல்வே மாநாடு நடைபெற்றது. ஐன்ஸ்டைன், போர், மேரி கியூரி உள்ளிட்ட பௌதிகவியலாளர் அங்குக் கூடினர். குவாண்டம் கொள்கை பற்றி ஐன்ஸ்டைனும் போரும் நிகழ்த்திய புகழ்பெற்ற விவாதம் பெருமளவுக்கு மண்டபத்துக்கு வெளியே, அவர்கள் தங்கிய விடுதியின் உணவு மேசையில் நிகழ்ந்தது. காலையுணவின்போது ஐன்ஸ்டைன் ஒரு சிக்கலை முன்வைப்பார். இரவுணவுக்குள் போர் அதற்கு விடை கண்டிருப்பார். நிகழ்ச்சிநிரலில் இடம்பெறாத இவ்வுரையாடலே அம்மாநாட்டின் பெரும் பேறாயிற்று.

தமிழாய்வு வரலாற்றிலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 1964ஆம் ஆண்டு ஜனவரியில் புதுடில்லியில் கீழைத்தேயவியலாளரின் சர்வதேச மாநாடு நடைபெற்றது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவரும், அப்பொழுது மலாயாப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றியவருமான தனிநாயகம் அடிகள் அங்கு வந்திருந்த தமிழறிஞர் சிலருடன் கூடிப் பேசினார். அக்கூட்டத்தின் விளைவாக உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. 1966ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடைபெற்ற முதல் மாநாடும், சென்னை, பாரிஸ், யாழ்ப்பாணம் ஆகிய இடங்களில் அதனைத் தொடர்ந்தவையும் அவ்வித்தின் விளைவுகளே. கடிதங்கள் எத்தனை எழுதியிருப்பினும் இம்மன்றம் அவ்வளவு விரைவில் உருவாகியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

வாழ்நாளிற் பெரும் பயணம் எதனையும் மேற்கொள்ளாத மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட்டை மாற்றுச் சான்றாக எவரேனும் காட்டக்கூடும். தாம் பிறந்த கோனிக்ஸ்பேர்க் நகரிலும் அதன் அயற்புறத்திலுமே அவர் வாழ்ந்து மறைந்தார். ஆயினும் அவர் தனிமையிற் சிந்தித்தவரல்லர். அந்நகர் ஒரு துறைமுக நகர். அதன் வணிகரும் பிறரும் அவர் வீட்டு நண்பகல் விருந்துக்கு வந்தனர். விருந்தினர் தொகை மூவருக்குக் குறையாமலும் ஒன்பதின்மருக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும் என அவர் விதி வகுத்திருந்தார். பயணம் வேண்டாதவருக்கும் உரையாடல் வேண்டியிருந்தது.

எனவே கூடுவதன் பயன் மறுக்கத்தக்கதன்று. ஆயின் மேற்காட்டிய நிகழ்ச்சிகளில் மற்றொரு பொதுமையும் உண்டு. பிரசெல்ஸ் மாநாட்டின் செலவைச் சோல்வே என்னும் தொழிலதிபர் நிறுவிய நிதியம் ஏற்றது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுதுவினைஞராயிருந்த இராமானுஜன் 1913ஆம் ஆண்டில் ஹார்டிக்கு எழுதிய கடிதத்துக்குத் தபாற் செலவே போதுமானதாயிருந்தது; பின்னர் அவர் 1914இல் இங்கிலாந்து செல்ல நேர்ந்தபோது சென்னைப் பல்கலைக்கழகம் உதவிப் பணம் வழங்கியது. அறிவு தேடிச் சென்றோர் சென்றனர். ஆயின் அச்செலவைத் தாங்கியது அவர்தம் வீட்டு அடுப்பன்று. இவ்வுண்மையைப் பின்னர் மீண்டும் நோக்குவோம்.

பொலியும் பதரும்

நெற்களத்தில் தூற்றுவோர் பொலியையும் பதரையும் பிரித்தறிவர். மாநாடுகளிலும் அவ்வாறு பிரித்தறிதல் இன்றியமையாதது. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவன மாணவர் மூவர் ஒரு கணினி நிரலை எழுதினர். பொருளற்ற வாக்கியங்களை ஆய்வுக்கட்டுரை போலக் கோத்துத் தருவது அதன் வேலை. அவ்வாறு பிறந்த கட்டுரையொன்றை ஒரு மாநாட்டுக்கு அனுப்பினர். எவரும் படித்து மதிப்பிடாத நிலையிலேயே அக்கட்டுரை ஏற்கப்பட்டது. செய்தி வெளியான பின்னரே அவ்வேற்பு மீளப்பெறப்பட்டது. அம்மாணவர் செய்தது வேடிக்கை எனினும் அது வெளிப்படுத்திய உண்மை வேடிக்கையன்று. சில மாநாடுகளுக்கு வேண்டியது கட்டுரையன்று. கட்டுரையோடு வரும் கட்டணமே.

அத்தகைய வணிக மாநாடுகளை ஒதுக்கிவிட்டு, நல்லெண்ணத்துடன் நடைபெறுவனவற்றை நோக்கினும் ஒரு குறை காணப்படுகின்றது. ஒரே நேரத்திற் பல அரங்குகள். ஒவ்வோர் அரங்கிலும் பல கட்டுரைகள். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்கள். பேசுவோர் தொகை மிகக் கேட்போர் தொகை குறைகின்றது. இறுதியில் நற்சான்றிதழ் ஒன்று கிடைக்கின்றது. அது வேலைக்கான விண்ணப்பத்தோடு இணைக்கப்படுகின்றது. கேள்விச் செல்வத்தை நாடிச் சென்றவன் சான்றிதழைப் பெற்றுத் திரும்புகின்றான். இங்கே சாதனம் இலக்கின் இடத்தைக் கவர்ந்துகொள்கின்றது.

கட்டுரையாளன் கண்டது

இதனைப் பிறர்மேல் ஏற்றிக் கூறுவது நேர்மையன்று. யான் மூன்றாம் வருடத்திற் பயின்றபோது தலைநகரில் நடைபெற்ற மாநாடொன்றுக்கு ஆய்வுச்சுருக்கம் அனுப்பினேன். அம்மாநாட்டின் பெயர் ஈண்டு வேண்டுவதன்று. அல்லைக் குளத்து நீரை நம்பி வேளாண்மை செய்யும் எமது பகுதியின் வயற்சொற்கள் பற்றியது எனது கட்டுரை. சுருக்கம் ஏற்கப்பட்டது என்னும் செய்தி வந்தபோது விடுதி நண்பர்கள் மகிழ்ந்தனர், யானும் மகிழ்ந்தேன். பின்னர் கணக்குப் பார்த்தேன். கட்டணம், பிரயாணம், ஓரிரவுத் தங்குமிடம், அச்சிடல் எல்லாம் சேர்ந்து மூன்று மாத மகாபொலப் பணத்தை விஞ்சின.

வாப்பாவிடம் கூறினேன். அவர் வேளாண்மை செய்பவர். சிறுபோகத்துக்கு யூரியா வாங்க வைத்திருந்த பணம் அவர் கையில் இருந்தது. "படிப்புக்குத்தானே மகன், போயிட்டு வாங்க" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. பசளையைக் கடையிற் கடனுக்கு எடுத்ததும், கடன் கிடைக்கச் சில நாட்கள் தாமதித்ததும் உம்மா கூறப் பின்னரே அறிந்தேன்.

மாநாட்டில் எனக்குப் பன்னிரண்டு நிமிடங்கள் தரப்பட்டன. அறையில் எண்மர் இருந்தனர். அவர்களில் ஐவர் தத்தம் முறைக்காகக் காத்திருந்தோர். யான் பேசியபோது அவர்கள் தம் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டிருந்தனர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை; என் முறை வரும் வரை யானும் அதனையே செய்தேன். மணியடித்தது. வினா எவரும் எழுப்பவில்லை. பையொன்றும் சான்றிதழொன்றும் கிடைத்தன. படமெடுத்துக்கொண்டோம். பசளைப் பணத்துக்கு ஈடாக வீட்டுக்குக் கொண்டுசெல்ல இவைதாமா என்னும் எண்ணம் அப்போதே மனத்தை உறுத்தியது.

ஆயின் நிகழ்ச்சி அத்துடன் முடியவில்லை. தேநீர் இடைவேளையின்போது வேறொரு மாகாணத்திலிருந்து வந்திருந்த முதிய விரிவுரையாளர் ஒருவர் என்னருகே வந்தார். ஊர் எது, தகப்பனார் என்ன தொழில் என வினவினார். பின்னர், "தம்பி, களத்திலே நெல்லைப் பொலி என்று சொன்னார்கள் என எழுதியிருக்கிறீர்கள். இப்போது இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, மூட்டையிற் போட்டுவிடுகிறதே. களம் இல்லாத ஊரில் அந்தச் சொல்லை யார் சொல்கிறார்கள்? உங்கள் தகப்பனாரிடம் கேட்டீர்களா?" என்றார்.

யான் கேட்டிருக்கவில்லை. எனது கட்டுரை பெரும்பாலும் நூல்நிலையத்திற் கிடைத்த பழைய கட்டுரைகளிலிருந்து திரட்டப்பட்டது. நெற்களத்தில் வளர்ந்த ஒருவரின் வீட்டிற் பிறந்தும், களத்துச் சொற்களை அச்சில் தேடியவனானேன். ஊர் திரும்பிய இரவே வாப்பாவிடம் வினவினேன். சூடு மிதித்த காலத்தில் களத்துக்குள் சில பொருள்களை அவற்றின் வழக்கமான பெயரால் அழைப்பதில்லை என்றும், அளக்கும்போது வாய் பேசாதிருக்க வேண்டும் என்றும், இயந்திரம் வந்த பின் அச்சொற்களைச் சொல்ல இடமில்லாமற் போயிற்று என்றும் அவர் சொல்லிக்கொண்டே சென்றார். என் இறுதியாண்டு ஆய்வு அன்றிரவு தொடங்கிய உரையாடலிலிருந்தே உருவாயிற்று.

இப்பொழுது கணக்கை எவ்வாறு முடிப்பது? அவ்வினாவின் பெறுமதி அப்பணத்தினும் மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே சென்றது தகும் எனலாம். எனினும் அவ்வினா எனக்குக் கிடைத்தது தற்செயலாகவே. அம்முதியவர் மற்றொரு மேசைக்குச் சென்றிருப்பின் யான் வெறும் பையோடு திரும்பியிருப்பேன். அன்றியும் அவ்வினாவை என் துறையிலேயே ஒருவர் தேநீர்ச் செலவுமின்றிக் கேட்டிருக்கலாம். எனக்குப் பயன் தந்தது மண்டபமன்று, அரங்கமன்று, சான்றிதழுமன்று. ஒருவர் என் கட்டுரையைக் கவனித்துப் படித்திருந்தார் என்பதே பயன் தந்தது. மாநாட்டின் உண்மையான பொருள் கவனிப்பே. கவனிப்பின்றி நேரத்தை மட்டும் பகிர்ந்தளிக்கும் மாநாடு பதரை அளந்து கொடுக்கின்றது.

அறிந்து தந்த இசைவும் அறியாது தந்த இசைவும்

மேற்கூறியதில் இன்னுமோர் அறவினா அடங்கியுள்ளது. எந்த மனிதனையும் வெறும் சாதனமாக மட்டும் கொள்ளாது இலக்காகவும் கொள்ள வேண்டும் என்பது காண்ட் வகுத்த நெறி. எனது தந்தை மனமுவந்தே பணம் தந்தார். ஆதலால் அவர் சாதனமாக்கப்படவில்லை என்று வாதிடலாம். ஆயின் அவர் எதற்கு இசைந்தார்? "படிப்பு" என்னும் சொல்லுக்கு இசைந்தார். பாடசாலையும் பரீட்சையும் பல்கலைக்கழகமும் அவருக்கு அச்சொல்லின் பொருள். பன்னிரண்டு நிமிடங்களும் எண்மரும் ஒரு பையும் அச்சொல்லுள் அடங்கும் என அவர் அறியார். யானோ ஓரளவு அறிந்திருந்தேன். அறிந்தும் கூறவில்லை. மறுத்துவிடுவார் என்னும் அச்சத்தாலன்று. மறுக்கமாட்டார் என்பதை அறிந்திருந்தமையாலேயே கூறவில்லை. உண்மையை அறியாது தரப்பட்ட இசைவு முழுமையான இசைவாகாது. கல்வியின் பெயரால் நாம் வீட்டாரிடம் பெறும் பணத்திற் பெரும்பகுதி இத்தகைய இசைவினாலேயே வருகின்றது என்பதை மாணவராகிய நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறிவு தேடிப் பயணம் செய்வதை இஸ்லாமிய மரபு உயர்வாகப் போற்றுகின்றது. ஹதீஸ்களைத் திரட்டுவதற்காக ஒன்பதாம் நூற்றாண்டில் இமாம் புகாரி மேற்கொண்ட நெடும் பயணங்களைச் சிறு வயதிலேயே நாம் கேட்டிருக்கிறோம். அதே மரபு வீண்விரயத்தை வன்மையாகக் கண்டிக்கின்றது. இவ்விரண்டும் முரண்பட்டவையல்ல. தேடும் பொருள் உண்மையாயின் நெடும் பயணமும் விரயமன்று. தேடும் பொருள் இல்லையாயின் குறும் பயணமும் விரயமே.

கல்வியின் பகுதியா, அன்றா?

இதுவரை மாணவன் பக்கமே நோக்கினோம். கட்டணம் விதிப்போர் பக்கமும் நோக்குதல் வேண்டும். அவர்கள் முன் ஒரு வினாவை வைக்கலாம். மாநாட்டிற் பங்குபற்றுதல் பட்டப்படிப்பு மாணவனின் கல்வியில் ஒரு பகுதியா, அன்றா?

பகுதி எனின், இலங்கையில் அதற்குக் கட்டணம் கேட்பது எவ்வாறு பொருந்தும்? சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா முன்னின்று உருவாக்கிய இலவசக் கல்வித் திட்டம் 1945ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்விக்குக் கட்டணமில்லை என்பதே அதன் அடிப்படை. எமது ஊர் போன்ற ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் வந்தோர் அனைவரும் அந்தக் கொள்கையின் பிள்ளைகளே. கல்வியின் ஒரு பகுதியைப் பின்வாசலில் விலைக்கு வைப்பது அக்கொள்கையைச் சிறிது சிறிதாக அரிப்பதாகும்.

பகுதி அன்று எனின், மாணவனை அதற்குத் தூண்டுவதும், பங்குபற்றியோர்க்கு முன்னுரிமை வழங்குவதும் எவ்வாறு நீதியாகும்? "எவரையும் கட்டாயப்படுத்தவில்லையே" என்பர். சட்டத்தில் விருப்பத்துக்குரியதாய், நடைமுறையில் இல்லாதவனைப் பின்தள்ளுவதாய் அமையும் ஒன்றை விருப்பத்துக்குரியது என அழைப்பது சொல்லளவிலான ஆறுதலே. நேர்முகத் தேர்வில் ஒருவன் கோவையிற் பல சான்றிதழ்களும் மற்றொருவன் கோவையில் எதுவுமின்மையும் காணப்படின், அவ்வேறுபாடு அறிவின் வேறுபாடா, வீட்டு வருமானத்தின் வேறுபாடா என்பதை எந்தத் தேர்வாளராலும் கூறமுடியாது.

இவ்விரு நிலைகளில் எதனை ஏற்பினும் இன்றைய வழக்கம் நியாயப்படுவதில்லை. மண்டபம், உணவு, அச்சு ஆகியவற்றுக்குச் செலவுண்டு என்னும் மறுப்பு உண்மையே. ஆயின் அச்செலவில் எது கேள்விக்காக, எது காட்சிக்காக என வகுத்துப் பார்த்தல் வேண்டும். பை, பொன்னாடை, வண்ண அழைப்பிதழ் ஆகியவை குறையின் அறிவு குறைவதில்லை. மாணவர்க்கு விடுதியில் இடமளிக்கலாம். மாணவர் கட்டணத்தை நீக்கி, ஏற்கும் கட்டுரைகளின் தொகையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் முன்கூட்டியே படித்துவந்து வினா எழுப்ப ஒருவரை நியமிக்கலாம். 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்குப் பின் இணையவழி மாநாடுகள் பெருகியுள்ளன. அவை தூரத்தைப் பெரிதும் வென்றுள்ளன. தேநீர் மேசையை மட்டும் இன்னும் அவற்றாற் கொண்டுவர இயலவில்லை.

மாநாடு மாணவனை நாடி வருதலும் ஒரு வழியாகும். உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1970ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்றபோது அது எமது மாணவர்க்கு எட்டாக்கனியாகவே இருந்திருக்கும். 1974ஆம் ஆண்டு ஜனவரியில் அதுவே யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது பொதுமக்களும் திரளாகக் கூடினர். அதன் இறுதி நிகழ்ச்சி நடைபெற்ற ஜனவரி 10ஆம் நாளிரவு, வீரசிங்கம் மண்டப முன்றலிற் கூடிய மக்கள்மீது பொலிசார் மேற்கொண்ட நடவடிக்கையின்போது உயிர்கள் பலியாயின. அத்துயரை நினையாது அம்மாநாட்டைப் பற்றிப் பேசுதல் இயலாது. எனினும் அறிஞர் அவை சாதாரண மனிதரின் வாசலுக்கு வரமுடியும் என்பதையும், வந்தால் அவர்கள் அதனைத் தமதாகக் கொள்வர் என்பதையும் அந்நாட்கள் காட்டின. தலைநகரங்களில் ஆண்டுதோறும் கூடும் அவைகளிற் சிலவேனும் திருகோணமலை, மன்னார், மலையகம் என முறைவைத்துச் சென்று கூடின், நூறு மாணவர் பயணம் செய்வதற்குப் பதிலாகப் பத்து அறிஞர் பயணம் செய்தாற் போதும்.

மாணவன் கடன்

நிறுவனங்கள் திருந்தும் வரை மாணவன் என் செய்வது? மூன்று வினாக்களைத் தனக்குள் எழுப்பிக்கொள்வது நலம் என்பது எனது கருத்து. நூலிலோ, கடிதத்திலோ, எமது விரிவுரையாளரிடமோ விடை பெறமுடியாத வினா ஒன்று என் கையில் உண்டா? இப்பணம் செல்லாவிடின் எங்குச் சென்றிருக்கும், அதனைத் தருபவர் உண்மையை அறிந்து தருகின்றாரா? அங்குப் பெறுவதை யாருக்கு மீளக் கொடுப்பேன்?

முதல் வினாவுக்கு விடையில்லையெனின் செல்லாதிருப்பது இழப்பன்று. இரண்டாவதற்கு விடை கூற நா கூசின் அங்குச் செல்வது அறமன்று. மூன்றாவது வினா கடனைப் பற்றியது. கடன் என்னும் சொல் தமிழில் திருப்பித் தரவேண்டிய பொருளையும் செய்யவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிப்பது. ஒரு பீடம் தன் நிதியிலிருந்து ஒரு மாணவனை அனுப்புமாயின், அவன் திரும்பி வந்து செல்லாதவர் முன் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்பதை நிபந்தனையாக்கலாம். வீட்டுப் பணத்திற் சென்றவனுக்கும் அந்நிபந்தனை பொருந்தும். கடந்த விடுமுறையில் ஊரிலுள்ள உயர்தர வகுப்பு மாணவர் சிலரிடம் வயற்சொற்களைப் பற்றிப் பேசினேன். தத்தம் வீட்டு மூத்தோரிடம் கேட்டு ஆளுக்கு ஐந்து சொற்கள் எழுதிவருமாறு கூறினேன். எழுதி வந்தோரும் உண்டு, வராதோரும் உண்டு. வந்தவற்றுள் யான் அறியாத சொற்களும் இருந்தன. கடனில் ஒரு சிறு பகுதியே அடைந்தது எனக் கொள்கின்றேன்.

ஆகவே மாநாடுகள் மாணவர்க்குத் தகுமா என்னும் வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. வினாவோடு செல்பவனுக்கு, கவனித்துக் கேட்போர் கூடும் இடத்தில், அதன் சுமையை ஏழை வீடு தனித்துத் தாங்காத நிலையில், அது தகும். இம்மூன்றும் இல்லாதவிடத்து அது சான்றிதழ் வாணிகமே. முதலாவது மாணவன் கையில் உள்ளது. ஏனைய இரண்டும் பல்கலைக்கழகங்களின் கையில் உள்ளன.

அவ்வாண்டுச் சிறுபோகத்தில் எமது வயலின் விளைச்சல் குறைந்ததா, பசளை தாமதித்தமை அதற்குக் காரணமா என்பதை யான் வாப்பாவிடம் இன்றுவரை வினவவில்லை. அவரும் கூறவில்லை. மீண்டும் ஓர் அழைப்பு வருமாயின், பணம் கேட்பதற்கு முன் அவ்வினாவைக் கேட்க வேண்டும் என எண்ணியிருக்கின்றேன்.